கோல் நெருப்பு, வாள் காற்று: டாரோ சீட்டுகளுக்குப் பூதங்கள் வந்த வழி

சீட்டு எடுத்துக் குறி சொல்லும் டாரோவைக் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது, சீட்டின் நான்கு வகைகளுக்கும் உரிய பூதங்களைத்தான்: கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம். ஆன்லைன் வகுப்பானாலும் புத்தகமானாலும் ஆரம்பத்திலேயே இந்த நான்கும் வந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதில் தவறு. டாரோ சீட்டுகளுக்கு வயது 580 ஆண்டுகளுக்கு மேல். பூதங்கள் இந்த வரிசையில் அவற்றோடு சேர்ந்து நிலைபெற்றது 1888-க்குப் பிறகு, லண்டனில் தொடங்கிய ஒரு ரகசியக் கழகத்தில். அதற்கு முன்னால் வேறு வரிசையும் இருந்தது. அதில் வாள்தான் நிலம், நாணயம்தான் காற்று.

டாரோவைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சீட்டுகள் மிகவும் பிடிக்கும். யார், எந்தக் கணக்கை வைத்துப் பூதங்களைக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்த பிறகு ஒவ்வொரு சீட்டையும் இன்னும் கூர்ந்து பார்க்க முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டாரோ கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். 22 துருப்புச் சீட்டுகள். இவற்றைத்தான் மேஜர் ஆர்க்கானா என்கிறார்கள். மீதி 56 நான்கு வகையாகப் பிரியும். ஒவ்வொரு வகையிலும் ஏஸ் முதல் பத்து வரை, அப்புறம் பேஜ், நைட், ராணி, ராஜா. நாம் ரம்மி ஆடும் கட்டோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு வகையிலும் ஓர் அரசவைச் சீட்டு கூடுதல், அவ்வளவுதான். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

அந்த மூலத்தின் மிச்சம் இஸ்தான்புல் டோப்கபி அரண்மனையில் இருக்கிறது. எகிப்தை ஆண்ட மம்லுக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுக்கட்டு அது. எல். ஏ. மேயர் என்ற ஆய்வாளர் 1939-இல் அதைப் பற்றி எழுதியபோதுதான் ஐரோப்பியச் சீட்டுகளின் பூர்வீகம் தெளிவானது. அதிலும் நான்கு வகைகள்: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை. சுல்தானின் அவையில் கோப்பை ஏந்துபவர், வாள் தாங்குபவர், போலோ மட்டைக்குப் பொறுப்பானவர் என்று பதவிகளே உண்டு. அந்தப் பதவிச் சின்னங்களும் சீட்டில் உள்ள சின்னங்களும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. 1370-களில் சீட்டாட்டம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே போலோவைத் தெரிந்தவர்கள் இல்லை. மட்டை தடியானது, செங்கோலானது, கடைசியில் மந்திரக்கோலானது. இன்று நெருப்பு என்று சொல்லப்படும் வகை, குதிரை மேலிருந்து பந்தடிக்கும் மட்டையாகத்தான் பிறந்தது.

வட இத்தாலியில் இந்த நான்கு வகைக் கட்டோடு துருப்புச் சீட்டுகளைச் சேர்த்தார்கள். அதற்கான மிகப் பழைய எழுத்துச் சான்று 1440-ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸிலிருந்து கிடைக்கிறது. மிலான் பிரபுக்களான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்க ரேக்கு பதித்து வரைந்த கட்டுகளில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவை ஆடுவதற்காகச் செய்யப்பட்ட சீட்டுகள். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அந்த ஆட்டம் ஆடுகிறார்கள். முதல் 300 ஆண்டுகளில் கோலை நெருப்போடும் கோப்பையை நீரோடும் முறையாகச் சேர்த்துப் பேசும் மரபு எதுவும் கிடையாது.

மாற்றம் தொடங்கியது பாரிஸில். 1781-இல் அந்த்வான் கூர் தெ ஜெப்லான் என்ற அறிஞர், ஒரு வீட்டில் டாரோ ஆடுவதைப் பார்த்த கால் மணி நேரத்திலேயே இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று தனக்குப் புரிந்துவிட்டதாக எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் வாசித்தது 1822-இல். அதாவது ஜெப்லான் எழுதியபோது எகிப்திய மொழியில் ஒரு வரியைக்கூட யாராலும் படிக்க முடியாது. ஆனால் அவரிடம்கூட வகைகளுக்குப் பூதங்கள் இல்லை. வாள் அரசரும் படையும், கோப்பை மதகுருமார், தடி உழவர், நாணயம் வணிகர் என்று சமூகப் பிரிவுகளாகத்தான் பிரித்தார். குறி சொல்வதற்கென்றே 1789-இல் தனிக் கட்டு கொண்டுவந்த எத்தெய்யா, நான்கு பூதங்களைத் தன் கட்டின் முதல் சில சீட்டுகளில் வைத்தார்.

எலிஃபாஸ் லெவி வந்த பிறகுதான் நாம் தேடும் கணக்கு உருவாக ஆரம்பிக்கிறது. பாதிரியாராகப் படித்து, பிறகு மந்திரவியலில் இறங்கியவர். 22 துருப்புச் சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். நான்கு வகைகளை எபிரேயத்தில் கடவுள் பெயரின் நான்கு எழுத்துகளான யோத், ஹே, வாவ், ஹே ஆகியவற்றோடு இணைத்தார். நான்கு எழுத்து, நான்கு வகை. பூதங்களும் நான்கு என்பதால் அடுத்த படி எளிது. ஆனால் அவர் அந்தப் படியை எப்படி எடுத்து வைத்தார் என்று பாருங்கள். மந்திரவியல் பற்றிய அவருடைய நூலின், 1856-இல் வந்த சடங்குப் பகுதியில், பூத ஆவிகளுக்குக் கட்டளையிட எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்று சொல்கிறார். நெருப்பின் சாலமாண்டர்களுக்குக் கவைக்கோல். நீரின் உண்டீன்களுக்குக் கோப்பை. நிலத்தின் நோம்களுக்கு வாள். காற்றின் சில்ஃபுகளுக்கு வட்டத் தகடு, அதாவது டாரோவில் நாணயமாக இருப்பது. கோலும் கோப்பையும் இன்றைய பட்டியலோடு ஒத்துப்போகின்றன. மற்ற இரண்டும் தலைகீழ்.

சரி, இன்றைய பட்டியல் யாருடையது? 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் கழகத்தினுடையது. நிறுவியவர்கள் மூன்று பேர்: மரண விசாரணை அதிகாரியாக இருந்த வில்லியம் வின் வெஸ்ட்காட், மருத்துவர் வில்லியம் ராபர்ட் உட்மன், மாக்ரிகர் மாதர்ஸ். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸும் இதில் உறுப்பினர். இவர்கள் எதையும் தனியாக விட்டுவைக்கவில்லை. எபிரேய எழுத்து, கிரகம், ராசி, நிறம், பூதம், டாரோ எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். தீட்சையின் ஆரம்பப் படிகளே நிலம், காற்று, நீர், நெருப்பு என்று பூத வரிசையில் ஏறும். உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றில் இருந்த 'புக் டி' என்ற கையெழுத்துப் படியில் கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம் என்று நிலைத்தது.

அதோடு நிற்கவில்லை. உள்வட்டத்துக்குள் வந்தவர் இந்த நான்கு கருவிகளையும் தன் கையாலேயே செய்ய வேண்டும். நெருப்புக்கோல் மரத்தால் ஆனது. அதன் நீளத்துக்குத் துளையிட்டு, காந்தமேற்றிய எஃகுக் கம்பியைச் செருகி, சிவப்பு வண்ணம் பூசுவார்கள். நீர்க்கோப்பைக்கு நீலம். நிலத்துக்கு மரத்தால் ஆன வட்டத் தகடு, நான்கு நிறப் பகுதிகளோடு. காற்றுக்கு? வாள் இல்லை, மஞ்சள் பூசிய ஒரு குத்துவாள். பெரிய வாள் தனியாக இருந்தது, அது செவ்வாய்க்கு உரியது. இந்தச் சின்ன விவரம் முக்கியம். பின்னால் வந்த சண்டைக்கு விதை இங்கேயே கிடக்கிறது.

பூதங்களைச் சேர்த்ததால் இவர்களுக்கு என்ன கிடைத்தது? சீட்டுகளுக்கிடையே உறவுமுறை கிடைத்தது. அதைப் புரிந்துகொள்ள கிரேக்கத்துக்குப் போக வேண்டும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ் நான்கு மூலங்களைச் சொன்னார். அரிஸ்டாட்டில் அவற்றுக்கு இரண்டிரண்டு குணங்கள் கொடுத்தார். நெருப்பு சூடும் வறட்சியும். காற்று சூடும் ஈரமும். நீர் குளிர்ச்சியும் ஈரமும். நிலம் குளிர்ச்சியும் வறட்சியும். இப்போது ஜோடி சேர்த்துப் பாருங்கள். நெருப்புக்கும் நீருக்கும் பொதுவாக ஒரு குணமும் இல்லை. காற்றுக்கும் நிலத்துக்கும் அப்படியே. மற்ற எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு குணம் பொதுவாக இருக்கும். 'புக் டி' சொல்லும் விதியும் இதுதான்: கோலும் கோப்பையும் பகை, வாளும் நாணயமும் பகை, மற்றவை நட்பு.

கோல்டன் டான் முறையில் சீட்டு தலைகீழாக விழுந்தால் தனிப் பலன் என்று கிடையாது. பக்கத்துச் சீட்டுதான் முடிவு செய்யும். மூன்று சீட்டு எடுக்கிறீர்கள், நடுவில் கோப்பை இரண்டு, அதாவது இருவருக்கிடையே மலரும் அன்பு என்று வையுங்கள். இரு பக்கமும் கோல் வந்தால் அந்த அன்பின் பலம் குறையும். அவசரமும் ஆசையும் அதை வற்றடிக்கும். இரு பக்கமும் நாணயம் வந்தால் குளிர்ச்சி என்ற பொதுக் குணத்தால் அது ஊன்றி நிற்கும். தலைகீழ்ப் பலன்களை விட இந்த முறை எனக்கு எப்போதும் நேர்மையாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு அர்த்தங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதற்குப் பதில், சீட்டுகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று யோசிக்க வைக்கிறது.

இதெல்லாம் கழகத்துக்குள் இருந்த சரக்கு. உலகத்துக்குக் கொண்டுவந்தது 1909 டிசம்பரில் லண்டனில் வெளியான ஒரு கட்டு. கோல்டன் டானில் தீட்சை பெற்ற ஏ. இ. வெயிட் திட்டமிட, அதே கழகத்தில் சேர்ந்த ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். ரைடர் நிறுவனம் வெளியிட்டது. இன்று கடையில் 'டாரோ' என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இதையோ இதன் வழி வந்ததையோதான்.

இந்தக் கட்டின் அரசவைச் சீட்டுகளை வரிசையாக மேசையில் வைத்துப் பாருங்கள். கோல் ராஜாவின் அங்கியில் சாலமாண்டர் பல்லிகள். அரியணையின் முதுகிலும் அவை, கூடவே சிங்கங்கள். கீழே மேடையில் உயிருள்ள சின்னப் பல்லி ஒன்று. சாலமாண்டர் நெருப்பில் வாழும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. கோல் பேஜ் நிற்பது வறண்ட மணல்வெளியில், தூரத்தில் பிரமிடுகள். கோப்பை ராஜாவின் அரியணை கடல் மேலேயே மிதக்கிறது, அவர் கழுத்தில் மீன் தொங்கல். கோப்பை பேஜின் கையிலுள்ள கோப்பையிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கிறது. வாள் நைட் குதிரையை விரட்டிப் போகும் சீட்டில் மேகங்கள் கிழிபடுகின்றன, மரங்கள் வளைகின்றன. வாள் ராணியின் அரியணையில் பட்டாம்பூச்சி. நாணய ராஜாவின் அங்கி முழுக்கத் திராட்சைக் குலைகள், அரியணையில் காளைத் தலைகள். நாணய நைட்டின் கறுப்புக் குதிரை உழுத வயலுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது, நான்கு நைட்டுகளில் அது ஒன்றுதான் அப்படி. எந்தப் பூதம் என்று எங்கும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

எண் சீட்டுகளுக்கு வந்தால் விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. வாள் இரண்டைப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட பெண், மார்பின் குறுக்கே இரண்டு வாள்கள், பின்னால் கடலும் பிறைநிலாவும். காற்றுக்குரிய சீட்டில் கடல் எப்படி வந்தது? கோல்டன் டான் கணக்கில் இந்தச் சீட்டு துலாமில் சந்திரன். சமமாகப் பிடித்த இரண்டு வாள்கள் தராசு, கடலும் பிறையும் சந்திரன். இப்படி ஒவ்வொரு எண் சீட்டிலும் பூதத்தின் மேல் ஒரு ராசியும் ஒரு கிரகமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. "வாள் என்றால் காற்று" என்று மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கடல் புரியாது.

இன்னொரு சீட்டு இதைவிடச் சுவாரசியமானது. கோல் பத்தில் ஒருவர் பத்துக் கோல்களையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு குனிந்து நடக்கிறார். பாரம், பொறுப்பு, ஆசையின் நெருப்பு சுமையாகிவிட்ட நிலை என்று பலன் சொல்வோம். அந்த உருவத்தின் மூலம் வேறு. 1490-களில் இத்தாலியில் அச்சான சோலா புஸ்கா கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. ஸ்மித் அவற்றைப் பார்த்து வரைந்தது சீட்டிலேயே தெரிகிறது. அந்தக் கட்டில் இப்படிக் குனிந்து சுமப்பவரின் கையில் இருப்பவை பத்து வாள்கள். காற்றுச் சீட்டாக இருக்க வேண்டிய உருவம் நெருப்புச் சீட்டுக்குப் போய்விட்டது, போன இடத்தில் அருமையாகப் பொருந்தியும்விட்டது. ஓவியருக்கு அட்டவணையை விட அந்த மனிதரின் முதுகுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது. ஸ்மித்தை எனக்குப் பிடிக்கக் காரணமும் இதுதான்.

சண்டைக்கு வருவோம். கோப்பை நீர் என்பதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. நாணயம் நிலம் என்பதையும் இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மண்ணிலிருந்து எடுத்த உலோகம், சொத்து, உடம்பு, விளைச்சல். தகராறு கோலிலும் வாளிலும்தான். விக்கா என்ற நவீன மேற்கத்திய மாந்திரீக வழிபாட்டு மரபில் சிலர் இரண்டையும் மாற்றி வைக்கிறார்கள். வாள் உலையில் நெருப்பில் பிறந்தது, அடிக்கும், அழிக்கும், ஆகவே அது நெருப்பு. கோல் காற்றில் ஆடும் மரத்தின் கிளை, ஆகவே அது காற்று. கோல்டன் டான்காரர்கள் உண்மையை மறைக்க வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்கள் என்றும் சிலர் சொல்வதுண்டு. அப்படி மறைத்ததற்கு ஆதாரம் இல்லை. உறுப்பினர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குச் செய்த கருவிகளிலேயே சிவப்புக் கோலும் மஞ்சள் குத்துவாளும்தான் இருந்தன. தங்களையே ஏமாற்றிக்கொள்ள யாரும் அவ்வளவு உழைக்க மாட்டார்கள். ஆனால் வாளில் ஒரு சூடு இருக்கிறது என்ற உணர்வு நியாயமானது. செவ்வாய்க்கென்று தனி வாள் வைத்திருந்த அவர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

என் கருத்து இது. 1909 கட்டையோ அதன் வழி வந்த கட்டையோ வைத்திருந்தால் கோலை நெருப்பாகவே வாசியுங்கள். படங்கள் அந்தக் கணக்கில்தான் வரையப்பட்டன. மாற்றினால் பல்லிகளும் மேகங்களும் உங்களோடு ஒத்துழைக்காது. மார்செய் கட்டு போன்ற பழைய கட்டுகளில் எண் சீட்டுகளில் காட்சி கிடையாது, வெறும் கோல்களும் கோப்பைகளும்தான். அங்கே எந்த வரிசையும் கட்டாயமில்லை. பூதமே இல்லாமல் எண்ணையும் சின்னத்தையும் வைத்து மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. சாதாரணச் சீட்டுக்கட்டில் பார்ப்பவர்களுக்கு இன்னும் குழப்பம். மாதர்ஸ் 1888-இல் எழுதிய சிறுநூலில் கோலுக்கு டைமண்ட், நாணயத்துக்குக் கிளாவர் என்றார். இன்று பலர் நேர்மாறாக, கோலைக் கிளாவருக்கும் நாணயத்தை டைமண்டுக்கும் கொடுக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நடுவில் மாற்றாமல் இருப்பதுதான் வழி.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: பூதம் ஐந்தாயிற்றே, ஆகாயம் எங்கே? மேற்கில் ஐந்தாவதாக ஈதர் உண்டு; இன்றைய டாரோ ஆசிரியர்கள் பலர் 22 துருப்புச் சீட்டுகளை அதற்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கோல்டன் டான்காரர்களுக்கு நம் ஐம்பூதமும் தெரியும். ராம பிரசாத் என்ற இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று 1890-இல் வெளிவந்தது. சுவாச சாஸ்திரத்தையும், தத்துவங்கள் எனப்படும் ஐம்பூதங்களையும் விளக்கும் நூல். அதிலிருந்த தத்துவ வடிவங்களைக் கழகத்தினர் எடுத்துத் தியானத்துக்குப் பயன்படுத்தினார்கள்: பிருதிவிக்கு மஞ்சள் சதுரம், அப்புவுக்கு வெள்ளிப் பிறை, தேயுவுக்குச் சிவப்பு முக்கோணம், வாயுவுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருநீல முட்டை. இரண்டையும் கலந்தால் சிக்கல் வரும். மஞ்சள் அவர்களுடைய பூதக் கருவிகளில் காற்று, தத்துவ வடிவங்களில் நிலம். நீலம் அங்கே நீர், இங்கே காற்று.

ராசி தெரிந்த தமிழ் வாசகருக்கு ஒரு வசதியும் உண்டு. நெருப்பு ராசி, நில ராசி என்ற பிரிவு நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு, அவை கோலுக்கு. கடகம், விருச்சிகம், மீனம் கோப்பைக்கு. மிதுனம், துலாம், கும்பம் வாளுக்கு. ரிஷபம், கன்னி, மகரம் நாணயத்துக்கு. ஒவ்வொரு வகைக்குள்ளும் 2, 3, 4 எண் சீட்டுகள் சர ராசிக்கு. 5, 6, 7 ஸ்திர ராசிக்கு. 8, 9, 10 உபய ராசிக்கு. ஏஸ் நீங்கலாக 36 எண் சீட்டுகள், ராசியை மூன்றாகப் பிரித்தால் வரும் திரேக்காணங்களும் 36. கணக்கு சரியாக உட்காருகிறது.

திரேக்காண அதிபதிகளில் மட்டும் கவனம் தேவை. நம் முறையில் ஒரு ராசிக்கு 1, 5, 9-ஆம் ராசிநாதர்கள் வருவார்கள். மேஷத்துக்கு அது செவ்வாய், சூரியன், குரு. கோல்டன் டான் கிரகங்களை வேறு வரிசையில் சுற்றவிடுகிறது. மேஷத்துக்குச் செவ்வாய், சூரியன், சுக்கிரன். முதல் இரண்டும் ஒத்துப்போகும், மூன்றாவது போகாது. கோல் நான்கு என்ற சீட்டை எடுத்துப் பாருங்கள். நட்டுவைத்த நான்கு கோல்களுக்கு மேலே பூவும் கனியும் கோத்த மாலை, பூங்கொத்தை உயர்த்திப் பிடித்த இருவர், பின்னால் கோட்டை. நெருப்பு வகையில் இப்படி ஒரு மங்கலக் காட்சி வந்திருப்பதற்குக் காரணம் அங்கே இருக்கும் சுக்கிரன். அந்த இடத்தில் குருவை வைத்துப் பலன் சொன்னால் படம் ஒன்று சொல்லும், நீங்கள் வேறொன்று சொல்வீர்கள்.